விமான டிக்கெட் விற்பனை உத்திக்கு ஆலோசகர் தேவையா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். வளைகுடாவில் ஒரு நடுத்தர விமான நிறுவனத்தில் வருவாய்க் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். டிஸ்ட்ரிபியூஷன், ரீடெய்லிங் (டிக்கெட்டை எந்த வழிகளில், எப்படி விற்பது) தொழில்நுட்ப உத்தி வகுக்க ஓர் ஆலோசனை நிறுவனத்தை உங்கள் நிர்வாகம் அமர்த்தப் போகிறது. தொகை பெரியது. அவர்கள் வந்து என்னதான் செய்வார்கள், நம் ஆட்களுக்குத் தெரியாத எதைச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கவலை உங்கள் கடைசி வரியில் இருக்கிறது: "ஜிடிஎஸ்ஸை விட்டு என்டிசிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பிவிடுவார்கள், அப்புறம் கணக்கை நேர் செய்யும் பாடு எங்களுக்குத்தானே?" (ஜிடிஎஸ் என்பது பல நிறுவனங்களின் விமானங்களை ஏஜென்ட் ஒரே திரையில் பார்த்துப் பதிவு செய்யும் அமைப்பு. என்டிசி அதைவிடப் புதிய ஒரு தரநிலை, விவரம் பின்னால் வருகிறது.)

நான் டிக்கெட்டிங் கவுன்டரில் தொடங்கி, விமான நிறுவனங்களின் டிஸ்ட்ரிபியூஷன் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது ஆலோசனை சொல்லும் பக்கத்தில் இருக்கிறேன். அதனால் இந்தத் தொழிலில் எனக்கும் பங்கு உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பயணிகளுக்கான டிக்கெட் விற்பனை மட்டும்தான் எனக்குத் தெரிந்த களம். சரக்கைப் பற்றி நான் பேசக் கூடாது. ஒப்பந்தங்களின் சட்ட நுணுக்கத்தை உங்கள் நாட்டு வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆலோசகர் தேவையில்லை, அது இந்தத் துறையில் எல்லாரும் ஏற்கனவே பேசிக்கொண்டிருப்பதுதான். எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, பழைய வழியை யாருக்கு எப்போது மூடுவது என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் அவருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. வரிசையைச் சொல்லாதவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் வேண்டாம்.

முதலில் பணம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். பயணி ஏஜென்டிடம் பணம் கொடுக்கிறார், ஏஜென்ட் அதை விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டாவின் பிஎஸ்பி என்ற பொதுக் கணக்குத்தீர்வு முறை வழியாக விமான நிறுவனத்துக்குச் செலுத்துகிறார். இது எல்லாருக்கும் தெரியும். எதிர்த்திசையில் ஓடும் பணம்தான் வெளியே தெரிவதில்லை. அதே டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும், அதாவது ஒவ்வொரு விமானப் பயணப் பகுதிக்கும், விமான நிறுவனம் ஜிடிஎஸ்ஸுக்குக் கட்டணம் கட்டுகிறது. அதில் ஒரு பங்கை ஜிடிஎஸ் ஏஜென்டுக்கு இன்சென்டிவாகக் கொடுக்கிறது. ஆக, எந்தத் திரையில் பதிவு செய்வது என்று முடிவெடுப்பவர் ஏஜென்ட், அதற்குக் காசு கட்டுவது விமான நிறுவனம், பயணிக்கோ இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இத்தனை வருடச் சண்டையும் புரியும்.

இந்த அமைப்பை உருவாக்கியதே விமான நிறுவனங்கள்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960களில் சேபர் என்ற முன்பதிவு அமைப்பைக் கட்டின. 1976-ல் அதன் திரைகள் டிராவல் ஏஜென்சிகளின் மேசைக்கு வந்தன. 1978-ல் அமெரிக்காவில் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியதும் அந்தத் திரை பெரிய ஆயுதமாகிவிட்டது. ஏஜென்ட் முதல் பக்கத்தில் வருவதைத்தான் விற்பார், திரையின் சொந்தக்காரர் தன் விமானங்களை முதல் பக்கத்தில் போடுவார். போட்டி நிறுவனங்கள் கூச்சல் போட்ட பிறகு, 1984-ல் இந்தப் பாரபட்சத்துக்கு எதிராக அமெரிக்க அரசு விதிகள் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் ஏர் பிரான்ஸ், ஐபீரியா, லுஃப்தான்சா, எஸ்ஏஎஸ் நான்கும் சேர்ந்து 1987-ல் அமடியஸ் என்ற ஜிடிஎஸ்ஸைத் தொடங்கின. பிறகு நிறுவனங்கள் தங்கள் பங்குகளை விற்றன. சேபர் 2000-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தாய் நிறுவனத்தைவிட்டுத் தனியே போனது. தாங்களே கட்டிய வீட்டுக்கு வாடகை கொடுக்கும் நிலை வந்தது.

செலவு மட்டும் பிரச்சினை என்றால் பேரம் பேசித் தீர்த்திருக்கலாம். அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பழைய முறையில் விமான நிறுவனம் விலை சொல்வதே இல்லை. கட்டணங்களையும் விதிகளையும் ஏடிபிகோ என்ற பொதுக் களஞ்சியத்தில் தாக்கல் செய்கிறது. எந்த எழுத்து வகுப்பில் (ஒவ்வொரு விலைப்படிக்கும் ஓர் ஆங்கில எழுத்து) எத்தனை இருக்கை உண்டு என்பதைத் தனியாக அனுப்புகிறது. அட்டவணை இன்னொரு வழியில் போகிறது. இந்த மூன்றையும் எடுத்துக் கோர்த்து, இந்தப் பயணத்துக்கு இவ்வளவு என்று ஏஜென்டுக்குச் சொல்வது ஜிடிஎஸ். ஆங்கில எழுத்து 26 என்பதால் விலைப்படிகளும் அதற்குள்தான் அடங்க வேண்டும். இரண்டு படிகளுக்கு நடுவே ஒரு விலையில் வாங்கத் தயாராக இருப்பவருக்கு அந்த விலையைச் சொல்ல வழியில்லை. கேட்பது யார், அவர் வருடத்துக்குப் பத்து முறை நம்மிடம் பறப்பவரா என்பதும் தெரியாது. சாப்பாடு, ஜன்னலோர இருக்கை, கூடுதல் பெட்டி எல்லாம் கட்டணத்துக்கு வெளியே தனித்தனியாகத் தொங்கும்.

இது கணக்கில் எப்படி வந்து விடிகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்சியில் ஒரு ஏஜென்டிடம் டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்துபோகும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகப் பத்து கிலோவுக்கும் பணம் கட்டியிருக்கிறார். லீவு தள்ளிப்போகிறது, திரும்பும் தேதியை மாற்றச் சொல்கிறார். இப்போது மூன்று ஆவணங்கள் அசைய வேண்டும். பிஎன்ஆரில் பழைய செக்மென்ட்டை ரத்து செய்து புதியதைப் போட வேண்டும். இ-டிக்கெட்டை ரீஇஷ்யூ செய்து, அதாவது புதிதாக வெளியிட்டு, கட்டண வித்தியாசத்தையும் அபராதத்தையும் வசூலிக்க வேண்டும். பெட்டிக்குக் கட்டிய பணம் இஎம்டி என்ற வேறொரு ஆவணத்தில் இருக்கிறது. அதை டிக்கெட்டில் அந்தப் பயணத்துக்கான பழைய கூப்பனிலிருந்து கழற்றிப் புதிய கூப்பனோடு கோர்க்க வேண்டும். ஏஜென்ட் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு மற்ற இரண்டை மறந்தால், செக்-இன் கவுன்டரில் அந்த மனிதர் பெட்டியோடு நிற்பார். பெயர் இருக்கிறது, டிக்கெட் பொருந்தவில்லை, பெட்டிக்குப் பணம் கட்டிய பதிவு தெரியவில்லை. எப்படியோ ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சில மாதம் கழித்து உங்கள் பிரிவு அந்த ஏஜென்டுக்கு, விடுபட்ட தொகையைக் கேட்கும் டெபிட் மெமோ அனுப்பும், அவர் தகராறு செய்வார், இரு பக்கமும் ஆளுக்கு ஒரு கோப்பைத் திறந்துகொண்டு உட்காரும். ஒரே பயணிக்கு ஒரே பயணம்தான், ஆனால் மூன்று ஆவணங்கள், மூன்று இடத்தில். இந்தத் துறை ஐம்பது வருடமாகச் சுமக்கும் பாரம் இது.

இதற்கு மாற்றாகத்தான் ஐயாட்டா 2012 அக்டோபரில் என்டிசிக்கு அடித்தளமான 787-ம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2014-ல் அதற்கு ஒப்புதல் தந்தது. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், உங்கள் கேள்வியிலும் அது இருக்கிறது. என்டிசி என்பது ஒரு மென்பொருளும் கிடையாது, ஜிடிஎஸ்ஸுக்கு எதிர்ப்பதமும் கிடையாது. விமான நிறுவனமும் விற்பவரும் பேசிக்கொள்ளும் செய்திகளுக்கான ஒரு தரநிலை, அவ்வளவுதான். ஏஜென்ட் கேட்டதும் விலையைக் கோர்த்துச் சொல்வது விமான நிறுவனமே என்பதுதான் அதில் புதுசு. அமடியஸ், சேபர், டிராவல்போர்ட் ஆகிய மூன்று ஜிடிஎஸ்களும் இன்று பல நிறுவனங்களின் என்டிசி கட்டணங்களைத் தங்கள் திரையிலேயே காட்டுகின்றன. பணத்தைப் பிஎஸ்பி வழியாகவே தீர்த்துக்கொள்ளலாம். ஆகவே, ஜிடிஎஸ்ஸை விட்டு வெளியேறுங்கள், என்டிசிக்குப் போங்கள் என்று யாராவது ஒரே மூச்சில் சொன்னால், இரண்டு வேறு முடிவுகளை அவர் ஒன்றாகக் கட்டிப்போடுகிறார். அவற்றைப் பிரித்துக் கேளுங்கள். அடுத்த கட்டமாகச் சொல்லப்படுவது 'ஆஃபர்-ஆர்டர்'. அதில் பிஎன்ஆர், டிக்கெட், இஎம்டி மூன்றும் மறைந்து, ஒரே ஆர்டர் இருக்கும். திருச்சிக்காரரின் தேதி மாற்றம் ஒரே இடத்தில் ஒரே முறை நடக்கும்.

சரி, ஆலோசகர் என்ன செய்கிறார்? நல்லவராக இருந்தால் முதல் சில வாரம் தொழில்நுட்பம் பற்றிப் பேசவே மாட்டார். ஒவ்வொரு விற்பனை வழியிலும் ஒரு பயணியைப் பிடிக்க உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று கணக்கெடுப்பார். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இது தயாராக இருக்கும் விமான நிறுவனத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஜிடிஎஸ் பில் ஐடி பிரிவின் பட்ஜெட்டில் இருக்கும். ஏஜென்டுக்குப் போகும் வருடக் கடைசி போனஸ் விற்பனைப் பிரிவில் இருக்கும். கிரெடிட் கார்டு கமிஷன் நிதிப் பிரிவில், கூகுள் விளம்பரம் மார்க்கெட்டிங்கில், கால் சென்டர் செலவு வேறெங்கோ. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் படம் மாறிவிடும். நம் சொந்த வெப்சைட்டில் விற்றால் செலவே இல்லை என்ற நினைப்பு முதலில் போகும். கார்டு கமிஷனையும் விளம்பரத்தையும் சேர்த்தால் வெப்சைட் விற்பனையும் சும்மா வருவதில்லை என்று தெரியும். மறுபக்கம், ஏஜென்ட் கொண்டுவரும் பயணி சராசரியாக என்ன விலைக்கு வாங்குகிறார் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். செலவை மட்டும் எழுதிவிட்டு வரவை எழுதாத தாள் ஆபத்தானது. அதற்கு ஓர் உதாரணம் பின்னால் வருகிறது.

இரண்டாவது வேலை ஒப்பந்தங்களைப் படிப்பது. இதைத்தான் நான் மிக மதிப்புள்ள வேலையாக நினைக்கிறேன். ஜிடிஎஸ் ஒப்பந்தங்களில், எல்லாக் கட்டணங்களையும் எங்களுக்கும் தர வேண்டும், வேறெங்கும் குறைத்து விற்கக் கூடாது என்கிற மாதிரியான ஷரத்துகள் இருக்கும். அவை எந்தத் தேதியில் முடிகின்றன, முடிவதற்கு எத்தனை மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும், இடையில் கூடுதல் கட்டணம் விதித்தால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் திட்டத்தின் உண்மையான காலண்டர். பிஎஸ்எஸ் எனப்படும் பயணிகள் சேவை மென்பொருள் ஒப்பந்தமும் இதே போலத்தான். இரண்டும் ஒரே கம்பெனியிடம் இருந்தால் ஒன்றில் கை வைத்தால் மற்றதில் வலிக்கும். இதையெல்லாம் படிக்காமல் 'மூன்று கட்டப் பயணம்' என்று வண்ணப்படம் போட்டுக் காட்டுபவரிடம், முதல் கட்டத்தின் தேதி எந்த ஷரத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அது வெறும் படம்.

இப்போது அந்த உதாரணம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023 ஏப்ரலில், தன் கட்டணங்களில் பெரும்பகுதியைப் பழைய ஜிடிஎஸ் வழியிலிருந்து எடுத்துவிட்டது; சுமார் 40 சதவீதம் என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. வேண்டுமானால் என்டிசி வழியாக வாங்குங்கள் அல்லது எங்கள் வெப்சைட்டுக்கு வாருங்கள் என்பது நிலைப்பாடு. அதே காலத்தில் கார்ப்பரேட் விற்பனைக் குழுவையும் வெகுவாகக் குறைத்தது. 2024 தொடக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், ஏஜென்சி மூலம் வாங்குவதானால் குறிப்பிட்ட ஏஜென்சிகளிடம் வாங்கினால்தான் மைல்கள் என்ற சலுகைப் புள்ளிகள் கிடைக்கும் என்று அறிவித்தது. ஆனால் பெரிய கம்பெனிகளுக்கு டிக்கெட் போடும் ஏஜென்சிகளின் உள் அமைப்புகள் என்டிசிக்கு இன்னும் பழகியிருக்கவில்லை. டிக்கெட்டை விற்கலாம், ஆனால் விற்றபின் மாற்றுவது, பாதி பயணத்தை மட்டும் ரத்து செய்வது, விமானம் தாமதமானால் வேறொன்றில் ஏற்றுவது எல்லாம் தடுமாறின. ஏஜென்ட் என்ன செய்வார்? சத்தமில்லாமல் யுனைடெட்டிலோ டெல்டாவிலோ போட்டுவிடுவார். திங்கள் காலை மீட்டிங்குக்குப் போகும் கம்பெனி ஊழியர்தான் அதிக விலை கொடுப்பவர், அவர்தான் முதலில் போனார்.

2024 மே கடைசியில் அந்த நிறுவனம் தன் வருவாய்க் கணிப்பைக் குறைத்தது. தலைமை வணிக அதிகாரி வாசு ராஜா விலகுவதாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் பங்கு விலை ஒரே நாளில் 13 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. தங்கள் விற்பனை உத்தி வாடிக்கையாளர்களை விரட்டிவிட்டது என்று தலைமைச் செயல் அதிகாரி ராபர்ட் ஐசம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மைல் கட்டுப்பாடும் கைவிடப்பட்டது. அந்த வருடம் முழுவதற்கும் சுமார் 150 கோடி டாலர் வருவாய் இழப்பு என்று அவர்களே கணித்தார்கள். நீண்டகால வணிக உத்தியை ஆராய பெயின் என்ற ஆலோசனை நிறுவனத்தையும் அமர்த்தினார்கள். எடுத்த கட்டணங்களைப் பழைய வழியிலும் திரும்பப் போட்டு, ஏஜென்சிகளோடு புது ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

இதைப் படித்து, என்டிசி தோற்றது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழில்நுட்பம் சொன்னதைச் செய்தது. புதிய வழி டிக்கெட்டை மாற்றவும் ரத்து செய்யவும் தயாராவதற்கு முன்பே பழைய வழி மூடப்பட்டது, அதுதான் நடந்தது. செலவுத் தாளில் ஜிடிஎஸ் கட்டணம் இருந்தது, திங்கள் காலைப் பயணியின் வருமானம் அதே கனத்தில் இல்லை.

இதை லுஃப்தான்சாவோடு வைத்துப் பாருங்கள். அந்தக் குழுமம் 2015 செப்டம்பர் 1 முதல், ஜிடிஎஸ் வழியாகப் போடும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 16 யூரோ கூடுதல் கட்டணம் வைத்தது. ஏஜென்ட் சங்கங்கள் கொதித்தன. ஆனால் கதவு மூடப்படவில்லை, அதில் நுழைய விலை வைக்கப்பட்டது. அவசரமாக வேண்டியவர் 16 யூரோ கொடுத்துப் பழைய வழியிலேயே போனார், மற்றவர்கள் மெதுவாக மாறினார்கள். 2017-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஐபீரியாவும், 2018-ல் ஏர் பிரான்ஸ்-கேஎல்எம்மும் அதே பாதையில் வந்தன. இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டிலும் மியூனிக்கிலும் லுஃப்தான்சாவுக்கு இருக்கும் பிடி, அந்த 16 யூரோவைச் சகித்துக்கொள்ள ஏஜென்ட்களை வைத்தது. அந்தப் பிடி இல்லாத நிறுவனம் அதையே செய்தால் ஏஜென்ட் அடுத்த விமானத்தைப் போட்டுவிடுவார்.

உங்கள் நிறுவனத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று யோசித்தேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போகும் தொழிலாளர்கள்தான் உங்கள் பயணிகளில் பெரும்பகுதி. இவர்களில் பலர் தெரிந்த ஏஜென்டிடம் பணமாகக் கொடுத்து எடுப்பவர்கள். தேதி மாறும், பெட்டி கூடும், நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதியான எக்ஸிட் வராமல் ஒரு வாரம் தள்ளும். இவர்களுக்கு டிக்கெட்டை விற்பதைவிட அதற்கு அப்புறம் பார்க்கும் வேலைதான் அதிகம். அதே வழித்தடத்தில் குறைந்த விலை நிறுவனங்கள் நாலைந்து பறக்கின்றன, ஆகவே லுஃப்தான்சா மாதிரி பிடி உங்களுக்கு இல்லை. இந்த நிலையில் கூடுதல் கட்டணம் வைப்பதோ கட்டணத்தைப் பிடுங்குவதோ முதல் அடியாக இருக்கவே கூடாது என்பது என் திடமான கருத்து. என்டிசி வழியில் வருபவருக்கு மட்டும் கிடைக்கும்படி ஒன்றைக் கூடுதலாகக் கொடுங்கள். பத்து கிலோ பெட்டி சேர்ந்த கட்டணம், ஒரு முறை இலவசத் தேதி மாற்றம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஏஜென்ட் தானாக வந்து கேட்கும் நாள் வந்த பிறகு மற்றதைப் பேசலாம். உங்கள் ஆலோசகர் இந்தப் பயணிகளைப் பார்க்காமல் ஐரோப்பாவுக்குப் போட்ட திட்டத்தையே பெயர் மாற்றிக் கொண்டுவந்தால் அது முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும்: கார்ப்பரேட் பயணி, அடிக்கடி பறப்பவர், தனிப்பயன் சலுகை என்றே பேசுவார், ரீஇஷ்யூ பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்க மாட்டார்.

பிஎஸ்எஸ் மாற்றம் இன்னும் கடினமான விஷயம், அதற்கும் வரிசைதான் உயிர். யுனைடெட் 2012 மார்ச் 3 இரவில், கான்டினென்டலோடு இணைந்த பிறகு, ஷேர்ஸ் என்ற மென்பொருளுக்கு ஒரே அடியில் மாறியது. கியாஸ்க்குகள் தடுமாறின, தொலைபேசியில் மக்கள் நெடுநேரம் காத்திருந்தார்கள், விமானங்கள் தாமதமாகின. கவுன்டர் ஊழியர்கள் பழகாத கட்டளைகளோடு போராடினார்கள். மூன்று வருடம் கழித்து அமெரிக்கன் ஏர்லைன்ஸ் யுஎஸ் ஏர்வேஸை சேபருக்குள் கொண்டுவந்தபோது வேறு மாதிரி செய்தது. 2015 அக்டோபர் 17-ஐ மாறும் நாளாக வைத்துக்கொண்டு, அதற்குச் சுமார் 90 நாள் முன்பே, அந்தத் தேதிக்குப் பிந்தைய விமானங்களை எல்லாம் அமெரிக்கன் எண்ணில் மட்டும் விற்கத் தொடங்கிவிட்டது. பழைய அமைப்பில் இருந்த பதிவுகள் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தன. அன்றைய இரவில் மாற்ற வேண்டிய பதிவுகள் மிகக் குறைவு. மாற்றம் பெரிய சிக்கலின்றி முடிந்தது. விற்பனை உத்தியில் இதே நிறுவனம் 2023-ல் தடுக்கி விழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பாடம் இன்னும் அழுத்தமாகப் படுகிறது. 2015-ல் வற்றும் வரை பொறுத்தார்கள், 2023-ல் பொறுக்கவில்லை.

ஆலோசகரின் நடுநிலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்த மென்பொருள் சந்தை மிகச் சிறியது, விற்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். குறைந்த விலை நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் நேவிடேரை அமடியஸ் 2016 ஜனவரியில் 83 கோடி டாலருக்கு வாங்கியது. என்டிசியில் முன்னோடியான ஃபேர்லாஜிக்ஸை 36 கோடி டாலருக்கு வாங்க சேபர் 2018-ல் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் தோற்றது, ஆனால் பிரிட்டனின் போட்டி ஆணையம் தடுத்ததால் 2020-ல் அந்த ஒப்பந்தம் முறிந்தது. பிறகு அக்செல்யா என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனம் ஃபேர்லாஜிக்ஸை வாங்கியது. இவ்வளவு நெருக்கமான சந்தையில் ஆலோசகரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்தவர்களாகவே இருப்பார்கள், அது தவறில்லை. ஆனால் கடந்த சில வருடத்தில் எந்த மென்பொருள் கம்பெனியிடமிருந்து பணம் பெற்றார்கள், அவர்கள் தேர்வு செய்து கொடுத்த மென்பொருளை நிறுவும் வேலையும் அவர்களுக்கே போனதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தேர்வு செய்பவரும் நிறுவுபவரும் ஒருவராக இருந்தால், தேர்வு ஏற்கனவே நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி, எதை உறுதியாக நம்பலாம், எதில் சந்தேகம் வேண்டும் என்பது. விமான நிறுவனமே விலையைக் கோர்த்துச் சொல்ல முடியும் என்பது உறுதி. லுஃப்தான்சா குழுமம் என்டிசி வழியில் எழுத்துப் படிகளுக்கு நடுவே விலை வைத்து விற்றுக்கொண்டிருக்கிறது. டிக்கெட் என்ற ஆவணம் இல்லாமலே ஒரு நிறுவனம் நடக்கும் என்பதும் உறுதி, குறைந்த விலை நிறுவனங்கள் 1990களிலிருந்தே அதைச் செய்துகாட்டியவை. தேடல் சுமை உங்கள் தலையில் விழும் என்பதும் உறுதி. முன்பு ஆயிரம் பேர் தேடி ஒருவர் வாங்கினால் அந்த ஆயிரத்தையும் ஜிடிஎஸ் கணினிகள் தாங்கின. என்டிசியில் ஒவ்வொரு தேடலும் உங்கள் வாசலைத் தட்டும், அதற்கான கணினிச் செலவு உங்களுடையது. இது பல திட்ட அறிக்கைகளில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

சந்தேகத்தோடு பார்க்க வேண்டியது, இந்த மாற்றத்தால் துறைக்கே வருடத்துக்கு 4,000 கோடி டாலர் கூடுதலாகக் கிடைக்கும் என்று மெக்கின்சி சொன்னது போன்ற கணிப்புகள். அவை உலகம் முழுவதற்கும் சேர்த்து, எல்லாரும் மாறிவிட்டால் என்ற அனுமானத்தில் போட்ட கூட்டல். அதை உங்கள் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்து ஒரு தொகையை யாராவது காட்டினால் நம்பாதீர்கள். ஒருவருக்கென்றே தனியாக வைக்கும் விலை எவ்வளவு தரும் என்பதும் இன்னும் தீராத விவாதம்தான், அதிலும் பயணி யார் என்று தெரியாமல் ஏஜென்ட் மூலம் வாங்கும் சந்தையில். முழு ஆஃபர்-ஆர்டர் எப்போது வரும் என்பதற்கும் யாரும் தேதி கொடுக்க முடியாது. ஃபின்ஏர் போன்றவர்கள் முன்னால் போகிறார்கள். ரியாத் ஏர் பழைய சுமை எதுவுமின்றிப் புதிதாகத் தொடங்குவதால் நேரடியாக அதில் இறங்கியிருக்கிறது. ஆனால் இன்டர்லைன் (ஒரே பயணத்தில் இரு நிறுவனங்களின் விமானங்கள்) என்ற முடிச்சு இருக்கிறதே, ஒருவரிடம் ஆர்டர் இருந்து மற்றவரிடம் டிக்கெட் மட்டும் இருந்தால், இரண்டாவது விமானத்தில் ஏறும் பயணிக்காக ஒரு டிக்கெட்டை உருவாக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே பல வருடம் இரண்டு முறையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், உங்கள் பிரிவு இரண்டுக்கும் கணக்கு வைக்கும். இரட்டைக் கணக்குக்கான ஆள் செலவு திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் ஆட்களே செய்ய முடியாதா என்றால், பாதி முடியும் என்பேன். செலவுத் தாளை உங்கள் பிரிவே தயாரிக்கலாம், வெளியாளைவிட நன்றாகவே தயாரிக்கலாம். ஒப்பந்தங்களின் முடிவுத் தேதிகளை ஒரு பட்டியலாக எழுதி வைக்கலாம். போன வருட டெபிட் மெமோக்களைக் காரணவாரியாகப் பிரித்தால், எந்த மாற்றம் முதலில் வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். ரீஇஷ்யூ தவறுகள்தான் அதிகம் என்றால் முதலில் சரிசெய்ய வேண்டியது விற்பனையைவிட, விற்றபின் நடக்கும் வேலை. இவை தயாராக இருந்தால் ஆலோசகரின் முதல் இரண்டு மாதச் சம்பளம் மிச்சம். வெளியாள் தேவைப்படுவது பேரத்துக்கு. மற்ற நிறுவனங்கள் என்ன நிபந்தனை பெற்றன என்று விற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பல பேரங்களில் உட்கார்ந்தவர் ரகசியம் எதையும் உடைக்காமலே, இது கேட்கத் தகுந்தது, இது கிடைக்காது என்று சொல்லிவிடுவார். அப்புறம், விற்பனைப் பிரிவும் ஐடி பிரிவும் நேருக்கு நேர் பேசாத நிறுவனங்களில் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கவும் சில நேரம் மூன்றாவது ஆள் வேண்டியிருக்கிறது.

கடைசியாக, கணக்கை நேர் செய்யும் பாடு எங்களுக்குத்தானே என்ற உங்கள் வரிக்கு வருகிறேன். ஆலோசனை ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இப்போதே கேட்டு வாங்கக் கூடியது ஒன்று உண்டு. திட்டக்குழுவில் வருவாய்க் கணக்குப் பிரிவுக்கு ஓர் இருக்கை கேளுங்கள். ஆலோசகருக்குத் தர வேண்டிய தொகையில் கடைசித் தவணையை, அறிக்கை சமர்ப்பித்த நாளோடு கட்டாமல், புதிய வழியில் விற்ற டிக்கெட்டுகள் ரீஇஷ்யூ, ரீஃபண்ட் உட்பட முதல் மாதக் கணக்கு முடிப்பில் பிஎஸ்பி அறிக்கையோடு பொருந்திய நாளோடு கட்டச் சொல்லுங்கள். நல்ல ஆலோசகர் இதற்கு ஒப்புக்கொள்வார். பேரம் பேசினாலும் தவணை அளவைப் பற்றித்தான் பேசுவார். நிபந்தனையையே எடுக்கச் சொன்னால், அதை அப்படியே உங்கள் நிதித்தலைவரிடம் எழுத்தில் கொண்டுபோங்கள்.